நிலம் இருப்பது குற்றமா? முதுமைக்குப் பாதுகாப்பு கேட்போம்!



60 வயதில் அரசு ஊழியருக்கு ஓய்வு. நமக்கு எந்த வயதில் ஓய்வு? கண் மங்கி, மூட்டு தேய்ந்து, வரப்பில் நடக்க முடியாமல் போகிற அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு சோற்றுக்கு என்ன வழி? இதற்கு அரசு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. ஒரு நாளைக்கு 40 ரூபாய்! மத்திய அரசோ 1995-ல் தன் பங்காக 75 ரூபாய் என்று ஆரம்பித்து, 2006-ல் 200 ரூபாய் ஆக்கியது. 17 வருஷம் கழித்து மாநிலம் 1,200 ஆக்கியபோதும், 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டெல்லியின் பங்கு அதே 200 ரூபாய்தான். இந்த 17 வருஷத்தில் உரமூட்டை விலை ஏறாமல் நின்றதா? மாத்திரை விலை நின்றதா?

இந்தப் பணமாவது நமக்கு வருகிறதா? மனுவோடு போனால் முதல் கேள்வி, "நிலம் இருக்கா?" அடுத்த கேள்வி, "மகன் இருக்கானா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் மனு தள்ளுபடி. சொத்து மதிப்பு 50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை பின்னால் 1 லட்சமாக உயர்த்தினார்கள். 1 லட்சத்துக்கு எந்த ஊரில் அரை ஏக்கர் கிடைக்கிறது? மழை பொய்த்தால் ஒரு படி நெல் தராத நிலம், காகிதத்தில் மட்டும் நம்மைப் பணக்காரர் ஆக்குகிறது.

2011-ல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் 2.5 ஏக்கர் நஞ்சை அல்லது 5 ஏக்கர் புஞ்சை வரை உள்ள சிறு, குறு விவசாயி உறுப்பினராகலாம். முதியோர் உதவித்தொகைக்கும் அதில் இடம் உண்டு. ஆக, துண்டு நிலம் வைத்திருப்பவனும் ஏழைதான் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, அதே நிலத்தைக் காட்டி மறுப்பது என்ன நியாயம்?

2019-ல் மத்திய அரசு விவசாயிகளுக்கு 3,000 ரூபாய் ஓய்வூதியம் என்று அறிவித்தது. சேரும் வயது 18 முதல் 40 வரை. மாதாமாதம் பணமும் கட்ட வேண்டும். 41 வயதுக்காரனுக்கே கதவு சாத்தியாச்சு. இன்றைய பெரியவர்களுக்கு அதில் காலணா கிடையாது.

பென்ஷன் கிடைக்கட்டும் என்று நிலத்தைப் பிள்ளை பேருக்கு எழுதிவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவசரப்படாதீர்கள். எழுதியே ஆகவேண்டும் என்றால், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பிள்ளை கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். வக்கீல் தேவையில்லை.

பணம் அனுமதியான பிறகும் தொல்லை தீரவில்லை. முன்பு தபால்காரர் மணியார்டரை வீட்டுத் திண்ணையில் கொடுத்தார். இப்போது கருவியில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை ஏது?

நாம் கேட்பது தர்மம் அல்ல. ஊருக்குச் சோறு போட்ட உழைப்புக்கான பாக்கி.

நம் கோரிக்கைகள்:

* சிறு, குறு விவசாயியின் சாகுபடி நிலத்தைச் சொத்துக் கணக்கில் சேர்க்காதே!
* மகன் இருக்கிறான் என்று காரணம் காட்டி மனுவைத் தள்ளாதே!
* மத்திய அரசே, 200 ரூபாய் பங்கை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்து!
* ரேகை விழாதவர்களுக்கு வீடு தேடி வந்து பணம் கொடு!
* மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கொடு!

தள்ளுபடியான மனுக்களின் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மனுக்களைக் கையில் ஏந்தி, பெரியவர்களை முன்னால் நிறுத்தி, வட்டாட்சியர் அலுவலகம் முன் திரள்வோம். இன்று அவர்களுக்காகப் பேசாவிட்டால், நாளை நமக்காகப் பேச ஆள் இருக்காது!

போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

— செயலாளர்