பழைய மின்சார கார்: வரியை விடுங்க, பேட்டரியைப் பாருங்க!



பழைய மின்சார கார் வாங்கினால், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டணுமாமே என்று தோழிகள் பலர் தயங்குகின்றனர். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், 12 சதவீதமாக இருந்த வரியை 18 ஆக்கியது உண்மைதான். ஆனால், அது காரின் முழு விலைக்கு அல்ல; வியாபாரியின் லாபத்துக்கு மட்டுமே. 8 லட்சத்துக்கு வாங்கிய காரை அவர் 9 லட்சத்துக்கு விற்றால், வரி 18,000 ரூபாய். முன்பு 12,000. ஆறாயிரம்தான் வித்தியாசம்! தனி நபர் தன் சொந்தக் காரை நமக்கு விற்றால், இந்த வரியே கிடையாது.

இது தெரியாது என்று நினைத்து, என் நாத்தனாரிடம் ஒரு வியாபாரி, 9 லட்ச ரூபாய் காருக்கு, 'வரி மட்டும் 1,62,000' என்றார். 'லாபத்துக்குத்தானே வரி? பில்லில் அப்படியே எழுதிக் கொடுங்க' என்று அவர் கேட்டதும், ஆள் கப்சிப்!

நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது பேட்டரியைப் பற்றித்தான். அதை மாற்ற நேர்ந்தால், செலவு லட்சக்கணக்கில் போகும். எனவே, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியை சோதித்து, எத்தனை சதவீதம் திறன் மிச்சம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாரன்டி, கார் முதலில் விற்ற நாளிலிருந்து கணக்கு. நாம் வாங்கும் நாளிலிருந்து அல்ல. 2020ல் வாங்கிய நெக்சான் இ.வி.,க்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரைதான். 'ஆயுள் வாரன்டி' என்றால், அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று கேளுங்கள். எம்.ஜி. விண்ட்சர் போன்ற கார்களை, பேட்டரிக்கு கிலோ மீட்டர் கணக்கில் வாடகை கட்டும் திட்டத்திலும் விற்கின்றனர். பாக்கி இருந்தால் நம் தலையில் விழும். பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து மஞ்சளாக இருந்தால், அது டாக்சியாக ஓடிய வண்டி. நிறைய ஓடியிருக்கும், ஜாக்கிரதை!

ஒரு கிராம் தங்கத்துக்கும் ஹால்மார்க் பார்க்கிறோம். 2021 முதல் அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது அரசு. அதேபோல, கைமாறும் ஒவ்வொரு மின்சார காருக்கும் பேட்டரி சான்றைக் கட்டாயமாக்கினால் என்ன? வரியை ஏற்றத் தெரிந்தவர்கள், வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பையும் தரட்டுமே! அதுவரை, சான்று கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க தோழிகளே!

- ஒரு வாசகி, திருச்சி.