ஆடிக் காற்றுக்கு முன் ஒரு வேலை

சர்வோ டிரைவ் என்றதும் நம் ஜில்லாவில் பலர், "அதெல்லாம் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்க் கார் தொழிற்சாலைச் சமாசாரம், நாஞ்சில் நாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கக்கூடும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரும்போது சற்று அண்ணாந்து பார்க்கட்டும்! கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றில் சுழலும் பெரிய காற்றாலைகள் பலவற்றில், இறக்கைக்கு ஒன்றாக மூன்று டிரைவுகள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் என்று சொல்லவில்லை. 1990களில் நட்ட சின்ன யந்திரங்கள் பலவற்றின் இறக்கை திரும்பவே திரும்பாது. வேறு சிலவற்றை எண்ணெய் அழுத்தம் திருப்பும். பின்னால் வந்த பெரிய யந்திரங்களில்தான் மின்சார மோட்டாரும் டிரைவும் அந்த வேலையை ஏற்றன.

என்ன வேலை? காற்று மெலிந்தால் இறக்கையின் முகத்தைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். மிஞ்சினால் சில டிகிரி திருப்பிக் காற்றை நழுவ விட வேண்டும். மோட்டாரோடு இணைந்த என்கோடர் இறக்கை நிற்கும் கோணத்தை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, டிரைவ் அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆபத்து என்றால் இறக்கைகளை 90 டிகிரிக்குத் திருப்பி யந்திரத்தை நிறுத்துவதும் இதுவே. லயனில் மின்சாரம் அறுந்துபோனால்? அப்போது இறக்கைகள் வந்து சேரும் குடத்துக்குள் இருக்கும் பேட்டரியோ அல்ட்ரா கெப்பாசிட்டரோ கைகொடுத்தாக வேண்டும். ஆகவே இது வேகத்தைச் சீராக்கும் கருவி மட்டுமல்ல, பிரேக்கும் கூட. மலைப்பாதையில் ஓடும் பஸ்ஸின் பிரேக்கை, கெட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது விடுவார்களா?

காற்றாலை விஷயத்தில் விடுகிறார்கள்! "ஓடுகிற யந்திரத்தை ஏன் தொட வேண்டும்?" என்பது சிக்கனக்காரர்களின் வேதவாக்கு. இதில் பாதி உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நன்றாக ஓடும் டிரைவைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினால் இல்லாத கோளாறும் வந்து சேரும். ஆனால் மிச்சப் பாதி?

டிரைவ் திடீரென்று சாவதில்லை. பெரும்பாலும் மெல்ல மெல்லச் சாகிறது. உள்ளே சூட்டைத் தள்ளும் சிறு விசிறியில் தூசி அடைகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்கின்றன. விசிறி தளர்ந்தால் சூடு ஏறுகிறது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் சுமார் பாதியாகிவிடும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. பத்தாண்டு நிற்க வேண்டியது ஐந்தாண்டில் வறண்டுபோகிறது. குடமோ ஓயாமல் சுற்றுகிறது, அதிர்கிறது. அதனால் திருகாணி தளர்கிறது, ஸ்லிப் ரிங்கில் கார்பன் தூள் படிகிறது, பேட்டரி கிழமாகிறது. விசிறியின் விலை டிரைவின் விலையில் ஒரு சிறு துண்டு. அதை மிச்சம் பிடித்து டிரைவைப் பலி கொடுப்பதற்குப் பெயர் சிக்கனமாம்!

கோளாறு வருமுன் யந்திரமே சொல்லும், கேட்பதற்கு ஆள் இருந்தால். மூன்று இறக்கைகளில் ஒன்றின் மோட்டார் மட்டும் மற்ற இரண்டைவிட அதிக கரண்ட் இழுக்கிறதா? பேரிங்கில் கிரீஸ் போதவில்லை, அல்லது பேரிங்கே தேய்கிறது. போன மாசிக்கும் இந்த மாசிக்கும் டிரைவின் சூடு கூடியிருக்கிறதா? விசிறியைப் பார். கிரீஸ், விசிறி, பேட்டரி மூன்றையும் நாள் குறித்துக் கவனிக்க வேண்டும். டிரைவின் உட்புறத்தைக் கணக்குப் புத்தகம் சொல்லும்போது மட்டும் திறக்க வேண்டும். பேட்டரியை வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்து "சரி" என்று எழுதினால் போதாது. லயனைத் துண்டித்துவிட்டு, இறக்கையை முழுக்கத் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடக்கும் உபரி டிரைவையும் மறக்கக் கூடாது. அதன் கெப்பாசிட்டரைப் படிப்படியாக மின்னூட்டிப் பழக்காமல் நேரே மாட்டினால், மாட்டிய அன்றே வெடிக்கவும் கூடும்.

இது கற்பனைப் பயம் அல்ல. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 'ரிலயாவிண்ட்' என்ற பெயரில் நடத்திய ஆராய்ச்சியில், காற்றாலைக் கோளாறுகளில் சுமார் ஐந்தில் ஒன்று இறக்கை திருப்பும் அமைப்பில்தான் என்று தெரிந்தது. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கின் ஹார்ன்ஸ்லெட்டில், புயலில் கட்டுமீறிச் சுழன்ற ஒரு காற்றாலை சிதறி விழுந்ததை உலகமே படமாகப் பார்த்தது. அது பழைய ரக யந்திரம், அதில் சர்வோ கிடையாது. ஆனால் பிரேக் பிடிக்காத காற்றாலை என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் காற்று வைகாசியில் எழுந்து ஆனி, ஆடி, ஆவணியில் உச்சத்தில் நிற்பது. இரண்டு மெகாவாட் யந்திரம் முழு வீச்சில் ஒரு நாள் ஓடினால் 48,000 யூனிட். ஆடியில் பத்து நாள் நின்றால் நஷ்டத்தைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுக் காட்டும். முதலாளிக்கு நஷ்டம் பணம். ஏறுகிற தொழிலாளிக்கு?

டிரைவ் இருப்பது பெரிய யந்திரங்களில் நூறு மீட்டர் உயரத்தில். 400 வோல்ட் டிரைவுக்குள் கெப்பாசிட்டரில் நிற்பது சுமார் 565 வோல்ட். ஸ்விட்சை அணைத்தாலும் அது உடனே இறங்காது. டிரைவின் மேல் எழுதியிருக்கும் நிமிஷங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்து அளந்த பிறகே கை வைக்கலாம். சுழலியைப் பூட்டாமல் குடத்துக்குள் நுழையலாகாது. குறித்த வேகத்துக்கு மேல் காற்று வீசினால் நுழையவே கூடாது. தை, மாசியில் இந்த விதிகளைக் கடைப்பிடிப்பது சுலபம். ஆடியில், "எப்போது ஓடும்? எப்போது ஓடும்?" என்று நிமிஷத்துக்கு ஒரு போன் வரும்போது, ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை நிமிஷம் காத்திருப்பான்? மாசியில் செய்யாத வேலைக்கு ஆடியில் உயிரைப் பணயம் வைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இது புதுப் பாடம் அல்ல. பேச்சிப்பாறை திறக்கும் முன்பே கால்வாயில் மண் அள்ளி, மடையைப் பார்த்துவிட வேண்டும். கன்னிப்பூவுக்குத் தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டி எடுப்பவனை ஊர் சிரிக்கும். குடிமராமத்து என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

காற்றாலைக்காரர்களுக்கு ஏன் இது உறைக்கவில்லை? வரலாறு உண்டு. 1990களில் காற்றாலை நட்டவர்கள் முதல் வருஷமே அதன் விலை முழுவதையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய சர்க்கார் அனுமதித்தது. பின்னால் அது 80 சதவீதமாகி, 2017 ஏப்ரலிலிருந்து 40 ஆனது. மின்சாரம் விற்ற காசும் வரத்தான் செய்தது. ஆனால் பெரிய சலுகை நட்டதற்கு. நட்டதும் லாபம் கைக்கு வந்துவிட்டால், இருபது வருஷம் கிரீஸ் போட யாருக்கு அக்கறை? ஓட்டி எடுத்த யூனிட்டுக்கு 50 காசு என்ற ஊக்கத்தொகை 2009-ல்தான் வந்தது.

2024-ல் தமிழக சர்க்கார் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. முப்பந்தலில் சின்ன யந்திரங்கள் போய்ப் பெரியவை வரும்போது டிரைவுகளும் பெருகும். ஆகவே இப்போதே கேட்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் இறக்கை திருப்பும் அமைப்பைச் சோதித்து முடிப்பது அனுமதியின் நிபந்தனையாக வேண்டும். கையேடும் எச்சரிக்கைகளும் தமிழில் வேண்டும். கோணம் ஐ.டி.ஐ.யில் படித்து வரும் நம் பிள்ளைகளுக்குப் பெட்டியைக் கழற்றி மாட்ட மட்டுமல்ல, டிரைவைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். கம்பெனியின் ரகசிய எண்ணைக் காட்டி அவர்களை வாசலிலேயே நிறுத்தக் கூடாது. சோதனைப் புத்தகத்தில் கையெழுத்திடுபவர் ஏறிப் பார்த்தவராக இருக்க வேண்டும். "இது ஓடத் தகுதியில்லை" என்று அவர் எழுதினால் அந்த யந்திரம் நிற்க வேண்டும். எழுதியதற்காக அவர் வேலை போகக் கூடாது. அந்தப் புத்தகம் கோபுரத்தின் அடியிலேயே, அடுத்து ஏறப் போகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.