நீரைச் சுத்திகரிக்கும் செலவு யாருடையது?

பஞ்சாபில் ஆண்டுதோறும் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் மிஞ்சுகிறது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பவை சில வாரங்களே. ஆகவே உழவர் வயலிலேயே தீ வைக்கின்றனர். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு அதற்கான அபராதத்தை இருமடங்காக்கிற்று. இரண்டு ஏக்கருக்கும் குறைவாக நிலம் வைத்திருப்பவர்கூட 5,000 ரூபாய் கட்ட வேண்டும். காற்றைக் கெடுத்தவன் பணம் கட்ட வேண்டும் என்பது நீதியாயின், நீரைக் கெடுத்தவனிடமும் அந்த நீதி செல்லுபடியாக வேண்டும்.

எரிக்கப்படும் அந்த வைக்கோலே நீரிலுள்ள களைக்கொல்லியை அகற்ற உதவும் என்பதை நம் நாட்டு ஆய்வகங்களும் பிறநாட்டு ஆய்வகங்களும் காட்டி வருகின்றன. வைக்கோல், உமி, கரும்புச் சக்கை, தேங்காய் ஓடு ஆகியவற்றைக் காற்றுப் புகாதவாறு உயர் வெப்பத்தில் சுட்டால், நுண்துளைகள் நிறைந்த கரி கிடைக்கிறது. நீராவியால் மேலும் பதப்படுத்திய ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல். களைக்கொல்லி மூலக்கூறுகள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதை ‘உறிஞ்சுதல்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. பஞ்சு நீரை உள்வாங்குவதுபோன்ற செயலன்று இது. ‘புறப்பரப்புக் கவர்ச்சி’ என்பதே சரி. பிடிக்கும் பரப்புக்கு எல்லை உண்டு, அது நிறைந்தபின் கரி பயன்படாது என்பதை அச்சொல் உணர்த்திவிடுகிறது.

எல்லா நஞ்சையும் கரி ஒரேபோலப் பிடிப்பதில்லை. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் தெளிக்கப்படும் அட்ரசின் எளிதில் ஒட்டும். நீரில் எதிர்மின்னேற்றம் பெறும் 2,4-டி, பதப்படுத்தாத கரியிலிருந்து விலகியே நிற்கும். நீரில் மிக நன்றாகக் கரையும் கிளைபோசேட்டைப் பிடிப்பது கடினம். கலங்கல் நீரிலுள்ள மட்குப் பொருள்களும் இடத்துக்குப் போட்டியிடும். எனவே ஓர் ஊரின் நீரில் எந்த நஞ்சு, எவ்வளவு என்று அறியாமல் வடிகட்டி அமைப்பது வீண். இந்தியக் குடிநீர்த் தரம் அட்ரசினுக்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என வரம்பு வகுத்திருக்கிறது. ஊராட்சிகளுக்குத் தரப்படும் களப் பரிசோதனைப் பெட்டியோ எந்தக் களைக்கொல்லியையும் அளக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.1 மைக்ரோகிராம், நிலத்தடி நீரில் அதை மீறியதாலேயே அங்கு அட்ரசின் விலக்கப்பட்டது.

இங்கு நடந்ததென்ன? 2020 மே மாதம் 27 பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் தடை செய்ய ஒன்றிய வேளாண் அமைச்சகம் வரைவாணை வெளியிட்டது. அட்ரசின், 2,4-டி, பியூட்டாகுளோர் ஆகியவை அப்பட்டியலில் இருந்தன. 2023இல் அவற்றுள் முழுத் தடைக்குள்ளானவை மூன்றே. அம்மூன்றில் ஒன்றுகூடக் களைக்கொல்லி அன்று.

களையெடுப்பு பெரும்பாலும் பெண் விவசாயத் தொழிலாளரின் வேலை. அவர்களது கூலியை மிச்சப்படுத்தும் சரக்காகவே களைக்கொல்லி விற்கப்படுகிறது. கூலியை இழந்த அதே குடும்பங்கள்தான் ஊர்க் கைப்பம்பு நீரையும் குடிக்கின்றன. அவர்களே கரிவடிகட்டியும் வாங்கிக்கொள்ளட்டும் என்பது எவ்வகை நியாயம்?

அமெரிக்காவில்கூட இது நடக்கவில்லை. அட்ரசினை அகற்றக் கரிவடிகட்டிகளுக்குச் செலவிட்ட மத்திய மேற்குப் பகுதிக் குடிநீர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சின்ஜென்டா நிறுவனம் 2012இல் 10.5 கோடி டாலர் தர இசைந்தது.

மலிவான கரியை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது நஞ்சு விற்பனைக்கு நற்சான்றிதழ் ஆகிவிடக் கூடாது. 2020 வரைவுப் பட்டியலிலுள்ள களைக்கொல்லிகள் மீது ஒன்றிய அரசு முடிவெடுக்க வேண்டும். மாவட்ட ஆய்வகங்களில் அவற்றை அளக்கும் கருவிகள் வேண்டும். வைக்கோலை விலை கொடுத்து வாங்கிக் கரியாக்கும் பணி கூட்டுறவுகளிடம் தரப்பட வேண்டும். அதற்கான நிதியை விற்பனை நிறுவனங்களிடம் தீர்வையாகப் பெற வேண்டும். நஞ்சேறிய பழைய கரியைத் திரும்பப் பெற்று உயர் வெப்பத்தில் அழிக்கும் செலவும் அத்தீர்வையில் அடங்க வேண்டும். இல்லையேல் அது ஊர்க் குப்பைமேட்டில் கொட்டப்பட்டு, அடுத்த மழையில் மீண்டும் கிணற்றுக்கே வரும்.