கோரிடனில் ஓடியவர்கள் யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கோரிடன் சண்டையை வெறும் ‘ஓட்டம்’ என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். ஒரு மணி நேரம்கூட நிற்காமல் வெள்ளைக்கொடி காட்டியவர்களுக்கு நினைவுப் பூங்கா எதற்கு என்றும் கேட்கிறார். எதிரே வந்த படை எவ்வளவு பெரியது என்பதை மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொன்னால் வாதம் நிற்காது.

நான் சொல்கிறேன். 1863 ஜூலை 8 அன்று ஜான் ஹன்ட் மார்கனின் தெற்கத்தியக் குதிரைப்படை, பிடித்துவைத்த இரண்டு நீராவிப் படகுகளில் ஒஹாயோ ஆற்றைக் கடந்து இண்டியானாவில் இறங்கியது. ஏறத்தாழ 2,000 பேர், பீரங்கிகளும் உண்டு. மறுநாள் கோரிடனுக்குத் தெற்கே சாலையை மறித்து நின்றவர்கள் சுமார் 400 ஊர்க்காவலர்கள், கர்னல் லூயிஸ் ஜோர்டானின் தலைமையில். மரக்கட்டைகளை அடுக்கி அரண் கட்டியிருந்தார்கள். ஆளும் பீரங்கியும் மிகுந்த எதிரி இரு பக்கமும் வளைத்த பிறகே ஊருக்குள் பின்வாங்கினார்கள். அவர்களில் 4 பேர் மாண்டார்கள். மார்கன் அதைவிட அதிகம் பேரை இழந்தார். ஓடுகிறவர்கள் கையால் இது நடக்குமா?

வெள்ளைக்கொடிக்கு வருவோம். பீரங்கிக் குண்டு ஊருக்குள் விழத் தொடங்கியது. வீடுகளுக்குள் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஜோர்டான் சரணடைந்தார். அந்த நிலையில் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதட்டும், படிக்கிறேன்.

எதிர்க்காமல் இருந்திருந்தால் கொள்ளையே நடந்திருக்காது என்பது அவருடைய அடுத்த வாதம். இதுதான் எனக்குக் கோபமூட்டுவது. கோரிடனில் கடைகளைக் கொள்ளையடித்தார்கள், எரிக்காமலிருக்க ஆலைக்காரர்களிடம் பணம் பறித்தார்கள், உண்மை. ஆனால் அடுத்த நாள் சேலம் என்ற ஊர் பெரிய எதிர்ப்பே இல்லாமல் அவர்கள் கைக்குப் போனது. அங்கே ரயில் நிலையத்தை எரித்தார்கள், கடைகளைச் சூறையாடினார்கள், ஆலைகளிடம் பணமும் பறித்தார்கள். பணிந்துபோன ஊருக்கு மார்கன் காட்டிய இரக்கம் அவ்வளவுதான். ஒரு நாள் தள்ளிப் படித்திருந்தால் கட்டுரையாளருக்கே இது தெரிந்திருக்கும்.

கோரிடன்காரர்கள் மார்கனைத் தடுத்து நிறுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒஹாயோ மாநிலம்வரை போய், ஜூலை 26 அன்று சேலின்வில் அருகேதான் பிடிபட்டார். ஆனால் ஐந்து மடங்கு பெரிய படை வருகிறது என்று தெரிந்தும் ஊர் எல்லையில் போய் நின்றவர்களை இழிவுபடுத்த அது காரணமாகாது. ‘ஓட்டம்’ என்ற சொல்லைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.