சீன வம்சாவளியும் இந்தோனேசியக் குடியுரிமையும்

1955இல் பாண்டுங் மாநாட்டின்போது சீனப் பிரதமர் சூ என்லாய் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இரட்டைக் குடியுரிமை கொண்ட இந்தோனேசியச் சீனர்களை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பிறந்த நாட்டைத் தேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1967இல் சுகார்த்தோ அரசு அவர்களது பண்டிகைகளை வீட்டுக்குள் தள்ளியது. பெயரை மாற்றிக்கொள்ளவும் நெருக்கியது. குடிமக்களான பிறகும் அதற்குத் தனிச் சான்று காட்ட வேண்டியிருந்தது. 1998 மே கலவரத்தில் அவர்களது கடைகள் எரிந்தன. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் பண்டிகைகள் மீதான அந்தத் தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை. தாமதமானாலும் நல்லது.

சீனாவிலுள்ள பாட்டன் ஊரில் மூதாதையர் கல்லறையை வணங்கிவிட்டு வருபவரை ஜகார்த்தா சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த வணக்கத்தைத் தன் அரசுக்கான விசுவாசமாகப் பெய்ஜிங்கும் கணக்கெழுதக் கூடாது. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத சட்டத்தை 1980இல் இயற்றியது சீனாதானே!