நண்பர் கூட்டமும் புகைப்படமும்

நம் கலாசாலை மண்டபத்தின் சுவர்களில் வரிசையாய்த் தொங்கும் குழுப் படங்களை ஒருமுறையேனும் நின்று நோக்காத மாணாக்கர் இலர். நடு நாற்காலியில் கலாசாலைத் தலைவர், இருமருங்கும் ஆசிரியர்கள், பின்னே பெஞ்சின்மீது நிற்கும் மாணாக்கர், முன்னே தரையில் சப்பணமிட்டமர்ந்த இளையோர். ஒருவர் முகத்திலேனும் புன்னகை காண்டல் அரிது. இப்படங்களில் உயிரில்லையென்று நண்பர் பலர் நகைப்பதுண்டு, நகைப்பதும் நியாயமே. ஆயினும் படத்தின் அடியில், அட்டையின்மீது, 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கி ஒவ்வொருவர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றது. எண்பது வருஷங்களுக்குமுன் இங்குப் பயின்ற ஒருவரின் கொள்ளுப்பேரன் இன்று வந்து அதன்முன் நிற்பானாயின், தன் முன்னோர் முகத்தைக் கண்டுகொள்ளுதல் அவ்வொரு வரி அச்சினாலேயே கூடும்.

இனி, நம் நண்பர்கள் தத்தம் கைப்பேசிகளில் எடுத்து வைத்திருக்கும் படங்களைக் காண்போம். பரீக்ஷைக்கு முந்திய இரவில் விடுதி மொட்டைமாடியில் தேநீருடன் விழித்திருப்போர். கிறிஸ்து பிறப்புக் கீதம் பாடச் சென்று மழையில் நனைந்து திரும்புவோர். பொங்கலன்று அடுப்பை ஊதியூதிக் கண் சிவந்தோர். பிறந்தநாள் கொண்டாடுபவன் முகமெல்லாம் கேக்கைப் பூசிவிட்டு ஓடுவோர். இவற்றில் உயிர் ததும்புகின்றது. ஆனால் பெயரில்லை, இடமில்லை, தேதியுமில்லை. இருபது வருஷங்களுக்குப்பின் படமெடுத்தவனே, 'இடக்கோடியில் நிற்பவர் யார்?' என்று விழிப்பான். அறுபது வருஷங்களுக்குப்பின் அவை எவருடையனவுமாகா. நண்பர் கூட்டங்களைப் படமெடுத்தல் வேண்டுமோ வேண்டாவோ என்று சிலர் வாதிப்பதுண்டு. வேண்டுமென்பதே நம் துணிபு. பெயரெழுதாத படம் பாதிப் படமேயென்பதையும் உடன் கூறுகின்றோம்.

இக்கலையின் தொடக்கத்திலேயே இதற்கொரு சான்று உளது. 1838-ஆம் வருஷத்தில் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்துத் தெருவொன்றை உயரத்திலிருந்து படமெடுத்தார். அக்காலத்தில் தகட்டில் உருவம் பதியச் சில நிமிஷங்கள் வேண்டியிருந்தன. ஆதலின், நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் பதியாது மறைந்தொழிய, சப்பாத்துக்கு மெருகேற்றிக்கொள்ளும் பொருட்டு ஓரிடத்தில் நின்ற ஒருவர் உருவம் மாத்திரம் தெளிவாய்ப் பதிந்தது. மனித உருவம் காணப்பெறும் மிகப் பழைய புகைப்படம் இதுவென்பர். அவர் இன்னாரென்று அறிந்தவர் எவருமிலர்.

அசையாது நிற்பவர்க்கே படம் என்றிருந்த நிலைமை பின்னர் மாறிற்று. 1888-ஆம் வருஷத்தில் ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கர் 'கோடக்' காமிராவை வெளியிட்டார். விலை 25 டாலர். நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள் இருந்தது. அது முடிந்ததும் காமிராவையே ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களும் புதுச் சுருளிட்ட காமிராவும் திரும்பி வரும். 1900-இல் வந்த 'பிரௌனி' ஒரே டாலருக்கு விற்கப்பட்டமையால், ஸ்டூடியோவின் வர்ணத் திரையையும், தலை அசையாமற் பிடிக்கும் இரும்புக் கவையையும் விட்டு, புகைப்படம் வீட்டு முற்றத்திற்கு வந்து சேர்ந்தது. (படமெடுத்துக்கொண்டால் ஆயுள் குறையுமென்றும், மூவராய் நின்று எடுத்துக்கொள்ளலாகாதென்றும் நம் பாட்டிமார் அஞ்சியது வேறு கதை.)

1914-இல் அக்கம்பெனியார் செய்த ஒரு காரியம் நம் கருத்துக்கு மிக இயைந்தது. காமிராவின் பின்புறத்தில் சிறு கதவொன்று அமைத்தனர். படமெடுத்தவுடன் அதனைத் திறந்து, உலோகக் கோலால் பெயரையும் தேதியையும் எழுதினால், எழுத்து படச்சுருளின் ஓரத்திலேயே பதிந்துவிடும். இந்த யுக்தியின் உரிமையை மூன்று லக்ஷம் டாலர் கொடுத்து வாங்கினரென்றால், அதன் அருமையை அவர் எவ்வளவு மதித்திருத்தல் வேண்டும்! எனினும் மக்கள் எழுதச் சோம்பினர் போலும். இருபது வருஷத்திற்குள் அக்கதவு வழக்கொழிந்தது. இன்றைய கைப்பேசி தேதியைத் தானே குறித்துக்கொள்ளுகின்றது, இடத்தையுங்கூட. சிரித்தவன் யார், எதற்குச் சிரித்தான் என்பதை நாம் எழுதினாலன்றி அது அறியாது.

சோம்பாது எழுதியவர் ஒருவரைக் கூறுவோம். பிரான்சு தேசத்தில் 1894-இல் பிறந்த ழாக் ஆன்றி லார்த்திக் என்பவர்க்கு, எட்டு வயதளவில் தந்தையார் காமிராவொன்று கொடுத்தார். செல்வக் குடும்பம், வேலையில்லாத வீடு. அண்ணன் சக்கரவண்டி செய்து சரிவில் உருண்டு வீழ்தலும், ஒன்றுவிட்ட சகோதரி பிஷொனாத் மாடிப்படியினின்று பாவாடை பறக்கத் தாவுதலும், நண்பர்கள் கடற்கரையில் கூத்தாடுதலும் அச்சிறுவன் படங்களாயின. அரசர் ஊர்வலமோ போர்க்களமோ அவற்றில் இல்லை. அவற்றையெல்லாம் பெரிய ஆல்பங்களில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர், இடம், வருஷம் ஆகியவற்றைத் தம் கையால் எழுதி வந்தார். ஆல்பங்கள் நூற்றுக்கு மேற்பட்டன. அவர் தம்மை ஓவியரென்றே எண்ணியிருந்தார். 1963-இல், ஏறத்தாழ எழுபதாம் வயதில், நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடத்தார் அப்படங்களைக் கண்காட்சியில் வைத்தபின்னரே உலகம் அவரை அறிந்தது. 1979-இல் அனைத்தையும் தம் நாட்டரசுக்கு உரிமையாக்கினார். 1905-இல் ஒரு பெண் ஒருகணம் படியினின்று தாவியதும், அவளை வீட்டார் எப்பெயரிட்டு அழைத்தனரென்பதும் நமக்கு இன்று தெரியும். பாரிஸ் தெருவில் நின்றவர் பெயரோ தெரியாது.

இதில் நமக்கென்ன என்பார்க்குத் தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி காணும் ஒன்றை நினைவூட்டுகின்றோம். இறந்தவர் படத்திற்கு மாலையிட்டு விளக்கேற்றும்போது, அப்படத்தின் ஓரத்தில் வேறொருவர் தோள் தெரிவதுண்டு. குழுப் படமொன்றிலிருந்து அம்முகத்தை மாத்திரம் வெட்டிப் பெரிதாக்கியிருப்பர். அல்லது அடையாளச் சீட்டுக்காக எடுத்த, மூச்சடக்கி நின்ற முகம். இளமையில் மாண்ட மகன் நண்பரிடையே எவ்வாறு சிரித்தானென்று தாய் காண விரும்பினால், அப்படம் எங்கோ ஒரு நண்பன் கைப்பேசியில் இருந்தது, கைப்பேசியோ மாற்றப்பட்டுவிட்டது. அத்தோளுக்குரிய நண்பன் யாரென்பதும் பெற்றோர்க்குத் தெரியாது.

ஆகவே விழா நாட்களை விட்டுச் சாதாரண நாட்களிற் படமெடுக்க என்கின்றோம். கலாசாலை விழாவன்று மேடையைச் சூழ்ந்து நூறு கைகள் உயர்வதை இவ்வருஷமும் கண்டோம்; ஒரே மாலை ஒரே கழுத்தில் விழுவதற்கு நூறு படங்கள் எற்றுக்கு? செவ்வாய்க்கிழமை மாலை உணவுச்சாலையில் உப்புமாவைப் பழித்துக்கொண்டே மூன்றாம் முறை வாங்குவோரை எடுத்தவர் எவருமிலர். மேலும், எடுப்பவரும் கூட்டத்தைச் சேர்ந்தவரே. எப்போதும் ஒருவனே எடுப்பானாயின், அவன் அந்நான்கு வருஷமும் அங்கு இருந்ததற்கே அடையாளமிராது. முறைவைத்து எடுத்தல் நன்று. படத்திற்காகச் சிரிப்பை நிறுத்தி மறுபடி சிரிக்கச் செய்தலும், கேக்கை மும்முறை வெட்டச் செய்தலும் கூட்டத்தைக் கெடுப்பன. இரண்டொரு படம் எடுத்துவிட்டுக் கருவியைப் பையிலிட்டு உட்காருதலே தக்கது.

வேண்டாவென்பவரை எடுத்தலாகாது. வகுப்பில் உறங்குபவரை அவரறியாமல் எடுத்து ஊரெங்கும் அனுப்பி நகைத்தல் நட்பென்று வழங்குவது நமக்கு விளங்கவில்லை. எவர் முகம் படத்திலுள்ளதோ அவருக்கு அப்படம் முதலிற் போய்ச் சேரவேண்டும்; பிறருக்கு அனுப்பலாமோ என்பதை அவரே சொல்லட்டும்.

நூல்நிலையத்தார்க்கும் ஒரு விண்ணப்பமுண்டு. ஒவ்வொரு வருஷமும் வெளியேறும் வகுப்பார், விழாக்களல்லாத பத்துப் படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பாராக. நூல்நிலையத்தார் ஓர் ஆல்பத்தில் வைப்பாராக. பெயர்களை மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் எழுதுக. மை ஊறி முகத்தைக் கெடுக்கும். தாள் பென்சிலை ஏற்காதாயின் தனிச் சீட்டில் எழுதி உடன் வைக்கலாம். பசை வேண்டா.

அப்பத்தில் ஒன்றேனும் உணவுச்சாலையில் நமக்குச் சமைப்பவரைக் கொண்டதாய் இருக்கட்டும். சுவரிலுள்ள குழுப் படங்களில் அவரைப்போன்றார் ஒருவரையும் காணோம். நாமெல்லாம் அவரை அண்ணாச்சியென்றே மூன்று வருஷமாய் அழைத்து வருகின்றோம். பெயர் கேட்டால் சொல்லத்தக்கவர் நம்மில் எத்தனை பேரென்று தெரியவில்லை. பரீக்ஷை தொடங்க இன்னும் இருவாரம் உண்டு. அதற்குள் அவரிடமே கேட்டறியலாம்.