ஷ்வால்பேக்கு அடிடிவ் வேணுமோ?

போன எபிசோட்டுக்குப் பிறகு வந்த கேள்வியளில எனக்குப் பிடிச்சது இதுதான்: "அண்ணா, பழைய ஷ்வால்பே ஒண்டு வாங்கியிருக்கிறன். ஓயிலோட எந்த அடிடிவ் விடலாம்?"

ஆசை விளங்குது. ஏ.எம். லைசென்ஸோட மற்ற மொப்பெட் 45இல நிக்கும். 1992 பெப்ரவரி 28க்கு முதல் ரோட்டுக்கு வந்த கிழக்கு ஜெர்மன் சிம்சன் எண்டால் 60 ஓடலாம். இணைப்பு ஒப்பந்தம் விட்டுவைச்ச சலுகை.

என்ர பதில்: தனிப் போத்தல் ஒண்டும் வேண்டாம். நல்ல டூ-ஸ்ட்ரோக் ஓயிலுக்குள்ள அடிடிவ் ஏற்கெனவே அளந்து கலந்திருக்கு. மேல இன்னொண்டை ஊத்துறது, ஒரே வேலைக்கு ரெண்டு லைப்ரரி இன்ஸ்டால் பண்ணுற மாதிரி. எது எதோட மோதும் எண்டு உங்களுக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது.

பார்க்க வேண்டியது போத்தலின்ர பின்பக்கம். சிம்சன், செயின்சோ எல்லாம் காற்றால குளிருற எஞ்சின். பிஸ்டன் நல்லாச் சூடேறும். அந்தச் சூட்டில ரிங் ஒட்டாமல் இருக்க, உலோகம் கலந்த டிடர்ஜென்ட் வேணும். ஜாசோ எஃப்.சி. எண்டால் புகை குறைவு; எஃப்.டி. அதோட இன்னும் சுத்தமா வைச்சிருக்கும். ஊரில மீன்பிடி வள்ளத்தில பூட்டுற அவுட்போட் மோட்டர் வேற சாதி. அது தண்ணியால குளிருறது. அதுக்குச் சாம்பல் விடாத டி.சி.-டபிள்யூ3 ஓயில். மாறி விட்டால் அங்க பிளக்கில சாம்பல் படியும், இங்க ரிங் இறுகும். 60இல போகேக்க பிஸ்டன் இறுகினால் பின் சில்லு அப்படியே பூட்டும். உடன கிளட்சைப் பிடிக்காட்டில் ஆள் ரோட்டில.

அளவிலயும் விளையாட வேண்டாம். கேஆர்51/2, எஸ்51 ரெண்டுக்கும் 1:50, அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லி. "சிந்தெற்றிக்தானே, பாதி போதும்" எண்டு யூடியூப்பில சொல்லுறவை உங்கட எஞ்சினுக்குக் காசு தரமாட்டினம். கூட ஊத்தினாலும் புகைதான். டெல்லியில ஆட்டோக்காரர் அப்படி ஊத்தி ஊத்தித்தான், 1998 கடைசியோட லூஸ் 2டி ஓயில் விற்பனைக்கே தடை வந்தது.

பெற்றோல் இ5 அடியுங்கோ. இ10இல எத்தனோல் கூட; குளிர்காலம் முழுக்க நிண்டால் தண்ணியை இழுக்கும்.

கேள்வி கேட்ட தம்பி இப்பதான் வண்டித் தகட்டின்ர படம் அனுப்பியிருக்கிறார். கேஆர்51/1. அதில பிஸ்டன் பின்னுக்கு நீடில் பேரிங் இல்லை, வெறும் புஷ்தான்; அதால 1:33. உங்களுக்கு 5 லீற்றருக்கு 150 மில்லி, தம்பி.